பவிலியன் கடைசியில் கட்டலாம்

போன கிழமை என்னிடம் படித்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். கம்பஸ் கிடைத்திருக்கிறது. குடிக்க ஏதாவது கொடுக்கலாம் என்று நான் குசினிக்குப் போக, பின்னாலேயே வந்து கேட்டாள்: "டீச்சர், அங்க கிரவுண்ட் எப்படி? 400 மீட்டர் சரியா இருக்குமா?" பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, விடுதியைப் பற்றியும் இல்லை. உயர்தரப் பரீட்சைக்கு முதல்நாள் பின்னேரமும் கல்லடிக் கடற்கரை மணலில் ஓடிவிட்டு வீட்டில் ஏச்சு வாங்கினவள். வேறு எதைக் கேட்பாள்?

அதே கிழமை ஒரு கல்யாண வீட்டில் எனக்குப் பக்கத்து மேசையில் இன்னொரு கதை ஓடியது. வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஆயிரக்கணக்கானோர் இருந்து பார்க்கிற மாதிரி பெரிய ஸ்டேடியம் வேண்டுமாம், கூரை போட்ட பவிலியன் வேண்டுமாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பீடங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் தங்கள் ஓட்டத்துக்காகக் காத்திருப்பவர்களும், அவர்களின் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு சினேகிதர்களும்தான். ஒரு மாமரம் போதும் அவர்களுக்கு.

மட்டக்களப்பு நகரில் எங்களுக்கு வெபர் மைதானம் இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய அமெரிக்க இயேசுசபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயர் அது. காசு கொடுத்தவர் பெயரையோ கல் நாட்டியவர் பெயரையோ வைக்காமல், பழக்கினவர் பெயரை வைத்த ஊர் நாம். கம்பஸ் மைதானம் என்றதும் எப்படி நமக்குக் கட்டடம் மட்டும் ஞாபகம் வருகிறது என்று விளங்கவில்லை.

கம்பஸ் மைதானத்தின் உண்மையான சிக்கல் வேறு. ஒரே நிலத்தில் எல்லா விளையாட்டும் நடக்கவேண்டும். எட்டுச் சுவடுள்ள, அதாவது எட்டுப் பேர் பக்கத்துப் பக்கமாக ஓடக்கூடிய, 400 மீட்டர் ஓடுபாதை போட ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும். நடுவில் 105க்கு 68 மீட்டர் உதைபந்தாட்டத் திடல் ஒன்று அளவாக அமர்ந்துவிடும். இதுவரை சண்டை இல்லை. கிரிக்கெட் வந்ததும்தான் தொடங்கும். சர்வதேச ஆண்கள் போட்டி என்றால் பிட்ச்சின் நடுவிலிருந்து எல்லைக்கு குறைந்தது 59 மீட்டர் வேண்டும். ஓடுபாதையின் உள்விளிம்போ பக்கவாட்டில் நடுவிலிருந்து 36.5 மீட்டரிலேயே வந்துவிடுகிறது. பந்து துரத்துபவர் எட்டுச் சுவட்டையும் மிதித்துத் தாண்டித்தான் போகவேண்டும். அது போதாதென்று நடுவில் கொங்கிறீட் பிட்ச் ஒன்று. உதைபந்தாட்ட நாளில் அதன்மேல் மண் போட்டு மூடுவார்கள். அதில் விழுந்து முழங்கால் பிளந்தவர்களைக் கேட்டால் மண் எவ்வளவு தடிப்பு என்று சொல்வார்கள். ஈட்டிக்காரர் ஓடிவரத் தொடங்கினால் மற்ற எல்லோரும் நிற்கவேண்டும். கம்பால் பந்தடித்து ஓடுகிற எல்லே அணி பந்தை எங்கே அடிக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நான் ஓடியது 800 மீட்டர். எந்த கம்பஸ் என்பது வேண்டாம், நம் பக்கம் இல்லை. எங்கள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிங்கள ஐயா. நாங்கள் எல்லோரும் "மாமா" என்போம். இரண்டு மொழிக்கும் ஒரே சொல் என்பதால் யாரும் யாரையும் திருத்தவேண்டி வரவில்லை. வளைவில் வெளிச்சுவடு நீளம் என்பதால் 400 மீட்டருக்கு இரண்டாம் சுவட்டுக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்கவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். இரும்பு நாடாவும் கயிறும் ஒரு வாளி சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு தனியாக நின்று கோடு போடுவார். மழை வந்து கழுவும். மறுபடி போடுவார். போட்டிகள் நடந்தது அந்த மனிதரால்தான். பவிலியன் அங்கும் இருந்தது, அதன் திறப்பு எங்களிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

மூன்றாம் வருடம் அந்த மைதானத்தில் ஓர் இசை நிகழ்ச்சி வைத்தார்கள். மேடைக்கும் பந்தலுக்கும் குழி தோண்டினார்கள். முடிந்ததும் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், குழிகளை விட்டுவிட்டு. மாமா தன்னால் முடிந்ததை மூடினார். மூடாத ஒன்று கடைசி வளைவில் புல்லுக்குள் கிடந்தது. இருட்டுகிற நேரம் என் இடது கால் அதற்குள் போனது. கணுக்கால் வீங்கி ஆறு கிழமை நடக்கவே கஷ்டம். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான பெருவிளையாட்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். என் பட்ச்சுக்கு வந்தது அந்த ஒன்றுதான். மேடையில் யார் பாடினார் என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை, குழியின் அளவு ஞாபகம் இருக்கிறது.

இதைச் சொல்வது அனுதாபத்துக்கு இல்லை. அந்த "இருட்டுகிற நேரம்" என்பதைக் கவனியுங்கள். விரிவுரை முடிய நாலரை, ஐந்து. உடுப்பு மாற்றி வர இன்னும் அரைமணி. முதலில் கிரிக்கெட் பெடியன்களும் உதைபந்துப் பெடியன்களும் நிற்பார்கள். "இன்னும் பத்து நிமிசம் தங்கச்சி" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடம் முடியும்போது வெளிச்சமும் முடிந்திருக்கும். மார்கழியில் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். அப்புறம் விடுதிக் கதவு மூடுகிற நேரம். பெடியன்கள் நிலா வெளிச்சத்திலும் ஓடலாம். எங்களைத் தேடி வீட்டிலிருந்து போன் வரும். ஆகவே மைதானத்துக்குக் காசு கிடைத்தால் முதலில் நாலு கம்பத்தில் விளக்குப் போடுங்கள் என்பேன். போட்டி நடத்துகிற அளவுக்கு வேண்டாம். ஓடுகிற பிள்ளைக்குத் தன் முன்னால் கிடக்கிற குழி தெரிந்தால் போதும்.

இரண்டாவது, தண்ணீர். ஐப்பசியிலிருந்து தை வரை நம் பக்கத்து மாரி எப்படி என்று உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஓடுபாதை உட்பக்கமாகச் சாயவேண்டும், அதுவும் 100க்கு 1ஐத் தாண்டாமல். நடுத்திடல் முதுகு உயர்த்தி வெளிப்பக்கமாகச் சாயும். இரண்டு தண்ணீரும் வந்து சேர்கிற இடம் ஓடுபாதையின் உள்விளிம்பு. அங்கே வடிகான் இல்லையென்றால் முதலாம் சுவடு குளம்தான். பவிலியன் கட்டுகிற பொறியியலாளர் இதைப் பற்றிப் பேசமாட்டார், ஏனென்றால் வடிகானுக்கு யாரும் நாடா வெட்டித் திறப்புவிழா வைப்பதில்லை.

செயற்கை ஓடுபாதை கேட்பவர்களுக்கும் ஒரு சொல். ஆசை எனக்கும் உண்டு, கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் முதல்முறை கால் வைத்தபோது கழற்றி எடுத்து வரலாமா என்று இருந்தது. ஆனால் டிராக்டரும் பந்தலும் ஏறுகிற மைதானத்தில் அதை விரித்தால் இரண்டு வருடத்தில் கிழிந்த பாய்தான். நல்ல புல் போதும்.

மூன்றாவது, சுவரில் ஒட்டுகிற ஒரு நேர அட்டவணை. செலவு ஒரு கடதாசி. பெண்களின் நேரம் பெண்களுக்கு, ஈட்டி எறிகிற நேரம் ஈட்டிக்கு. விழா வைப்பவர் குழி மூடும்வரை பிணையாகக் கட்டிய காசு திரும்பிப் போகாது என்று அதிலேயே ஒரு வரி.

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? போன முதல்நாளே வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்து பார், அப்புறம் எனக்குப் போன் எடு என்றேன். திங்கட்கிழமை போகிறாள்.

கம்பஸ் மைதானங்களில் விளையாடினவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் இடத்தில் பெண்கள் எத்தனை மணிவரை மைதானத்தில் நிற்க முடிந்தது என்று கீழே எழுதுங்கள். பவிலியன் படம் போடவேண்டாம்.