கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை

2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கள் சார்லட் நண்பர்கள் குழுவில் வாட்ஸப் செய்திகள் வந்து குவிந்தன. "நம்பர் ஒன் நமக்கு!" எங்கள் ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணியான கரோலினா பேந்தர்ஸ், சிகாகோ பேர்ஸ் அணியிடம் பேசி, அந்த வருட ட்ராஃப்டின் முதல் இடத்தை வாங்கிவிட்டது. நானும் சமையலறையில் நின்றபடி கத்தினேன். என்னென்ன கொடுத்தோம் என்ற விவரம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த என் மகனுக்கு அப்போது பத்து வயது. "அப்பா, டிஜே மூரையுமா கொடுத்துட்டாங்க?" என்றான். அவன் போட்டிருந்தது மூரின் 2 ஆம் எண் சட்டை.

இந்த ஏப்ரலிலும் ட்ராஃப்ட் நெருங்க நெருங்க "மேலே ஏறலாமா, இருந்த இடத்தில் இருக்கலாமா" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. மூன்று வருடமாக மனதில் கிடப்பதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காத நண்பர்களுக்காகச் சுருக்கமாக: ஐபிஎல் போலப் பணம் கொட்டி ஏலம் எடுக்கும் வழக்கம் இங்கே கிடையாது. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை 32 அணிகளும் வரிசையில் நின்று எடுக்கும், மொத்தம் 7 ரவுண்ட். இதுதான் ட்ராஃப்ட். போன வருடம் மிக மோசமாக ஆடிய அணி வரிசையில் முதலில் நிற்கும். முன்னால் நிற்பவரிடம் உங்கள் இடத்தையும், அடுத்தடுத்த வருடங்களின் இடங்களையும், வேண்டுமானால் ஓர் ஆட்டக்காரரையும் கொடுத்து இடம் மாறிக்கொள்ளலாம். இதைத்தான் டிரேட் அப் என்கிறார்கள்.

பேந்தர்ஸ் ஏன் அப்படிச் செய்தது என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. 2015இல் 15 ஆட்டம் ஜெயித்து ஒன்றில் மட்டும் தோற்று, சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டி வரை போன அணி இது. அந்த வருடம் இந்த ஊர் எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான். அலுவலக லிஃப்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட "கீப் பவுண்டிங்" என்று அணியின் கோஷத்தைச் சொல்லிக்கொள்வார்கள். கேம் நியூட்டன் காலம் முடிந்த பிறகு குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரின் நாற்காலி காலியாகவே கிடந்தது. 2020இல் டெடி பிரிட்ஜ்வாட்டர், 2021இல் சாம் டார்னால்ட், 2022இல் பேக்கர் மேஃபீல்ட். வருடத்துக்கு ஒருவர். அப்படியிருந்தும் 2022இல் 7 ஆட்டம் ஜெயித்து, பிரிவில் முதலிடத்துக்கு மிக அருகில் வந்து நின்றோம். ஒரே ஒரு நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டால் போதும் என்று நிர்வாகம் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கோளாறு அந்த நினைப்பில்தான் ஆரம்பித்தது.

சரி, கொடுத்தது என்ன? அந்த வருடத்தின் 9 ஆவது இடம், 61 ஆவது இடம், 2024இன் முதல் ரவுண்ட், 2025இன் இரண்டாம் ரவுண்ட், கூடவே டிஜே மூர். இதில் அந்த 61 எங்கிருந்து வந்தது தெரியுமா? 2022 அக்டோபரில் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியதற்காகக் கிடைத்தவற்றில் ஒன்று அது. அதாவது பந்தை எடுத்துக்கொண்டு ஓடுபவர்களில் எங்களிடம் இருந்த மிகச் சிறந்தவரின் ஒரு பகுதியும், பந்தைப் பிடிப்பவர்களில் மிகச் சிறந்தவர் முழுசாகவும் அந்த ஒரு இடத்துக்குள் போய்விட்டார்கள்.

மூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2018இல் 24 ஆவது ஆளாக வந்தவர். பந்து வீசுபவர் மாறிக்கொண்டே இருந்தாலும் 2019, 2020, 2021 என்று தொடர்ந்து மூன்று வருடம் பந்தைப் பிடித்தே ஆயிரம் யார்டு தாண்டியவர். 2022இல் அட்லாண்டாவில் கடைசி விநாடிகளில் பிஜே வாக்கர் வானத்தில் ஏற்றிய பந்தைப் பின்னாலேயே ஓடிப்போய் எண்ட் சோனில், அதாவது களத்தின் கோடியில் புள்ளி கிடைக்கும் பகுதியில் பிடித்தாரே, 62 யார்டு, அதை என் மகன் இன்னும் சோபாவில் குதித்து நடித்துக்காட்டுவான். (ஹெல்மெட்டைக் கழற்றியதற்கு அபராதம் விழுந்து அந்த ஆட்டத்தைத் தோற்றது வேறு வருத்தம்.) பந்து வீச ஒரு பையனைக் கொண்டுவருவதற்காகப் பந்தைப் பிடிக்கும் ஆளை அனுப்புவது என்ன கணக்கு? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று எங்கள் ஆச்சி சொல்வாள். அன்று அந்தப் பழமொழிதான் ஞாபகம் வந்தது, ஆனால் சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரலில் அலபாமா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தார்கள். ஐந்தடி பத்து அங்குல உயரம், இந்த வேலைக்குச் சின்ன உடம்பு. அந்தப் பையனின் நிதானமும் மைதானத்தைப் படிக்கும் கண்ணும் எனக்கு அப்போதே பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும். ஆனால் நாங்கள் அவனை இறக்கிவிட்டது எப்படிப்பட்ட அணிக்குள்? முன்னால் நின்று காக்க வேண்டிய லைன் ஓட்டை. பந்து பிடிக்க நம்பகமாக இருந்தவர் ஆடம் தீலன் ஒருவர்தான், அவருக்கு 33 வயது. அந்த வருடம் யங் 62 முறை சாக் ஆனான், அதாவது பந்தை வீசுவதற்கு முன்பே தரையில் சாய்க்கப்பட்டான். 17 ஆட்டத்தில் 2 வெற்றி. பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் நவம்பர் முடிவதற்குள் நீக்கப்பட்டார். கடைசி இரண்டு ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

டிசம்பர் 17 அன்று மழை. அட்லாண்டாவுடன் ஆட்டம். நானும் மகனும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தோம், சுற்றிலும் காலி இருக்கைகள். தண்ணீர் வழுக்கும் பந்தை வைத்துக்கொண்டு, கடைசி ஏழரை நிமிடத்தில் 90 யார்டு தூரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அணியை நகர்த்திக் கொண்டுபோனான் யங். கடைசியில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்ட் கோல், 9-7 என்று ஜெயித்தோம். அந்த ஒரு நகர்த்தலைப் பார்த்தவர்கள் யாரும் "இவனுக்கு ஆடத் தெரியாது" என்று சொல்ல மாட்டார்கள். குருவி தலையில் பனங்காயை வைத்தது நாங்கள்தான்.

அதே நேரத்தில் சிகாகோவில் என்ன நடந்தது? மூர் அந்த வருடம் 1,364 யார்டு எடுத்தார். எங்கள் 2024 முதல் ரவுண்ட் அவர்கள் கையில் இருந்ததல்லவா, நாங்கள் கடைசியில் போய் விழுந்ததால் அதுவே நம்பர் ஒன் ஆகிவிட்டது. அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தார்கள். ஒரு முதலிடத்தை வாங்க இன்னொரு முதலிடத்தையே கொடுத்து, அதற்கு மேல் மூரையும் மற்ற இடங்களையும் சேர்த்துக் கொடுத்தோம். இதை எழுதும்போது இன்றும் வயிறு எரிகிறது.

இங்கே பெரும்பாலான ரசிகர்கள் சொல்வது வேறு. "யங்கை விட்டுவிட்டு சிஜே ஸ்ட்ரவுடை எடுத்திருக்க வேண்டும், தப்பு அங்கேதான்" என்பார்கள். அதே ட்ராஃப்டில் வந்த இன்னொரு குவார்ட்டர்பேக் அவர். இரண்டாவது இடத்தில் ஸ்ட்ரவுடை எடுத்த ஹூஸ்டன் அந்த வருடமே பிளேஆஃப் போனது, அவருக்குச் சிறந்த புதுமுக விருதும் கிடைத்தது. உண்மைதான். ஆனால் ஹூஸ்டன் இரண்டாவது இடத்தில் இருந்தபடியே அவரை எடுத்தது, அவருக்காக எதையும் விற்கவில்லை. எங்கள் லைனுக்குப் பின்னால், மூர் இல்லாத களத்தில் ஸ்ட்ரவுட் நின்றிருந்தால் அதே மாதிரி ஆடியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. எந்தப் பையன் என்பதைவிட, அவனுக்காக யாரையெல்லாம் அனுப்பினோம் என்பதுதான் என் கேள்வி. மேலே ஏறியதற்கான விலையைக் கட்டியது யங்தான்.

ஜெராட் காஃப் என்ற குவார்ட்டர்பேக்கைப் பாருங்கள். 2016இல் ராம்ஸ் அணி 15 ஆவது இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறி அவரை எடுத்தது. முதல் வருடம் அவர் தொடங்கிய 7 ஆட்டத்திலும் தோல்வி. அடுத்த வருடம் பயிற்சியாளராக ஷான் மெக்வே வந்தார், லைனில் ஆண்ட்ரூ விட்வொர்த் வந்தார், பந்து பிடிக்க ராபர்ட் வுட்ஸும் கூப்பர் கப்பும் வந்தார்கள். ராம்ஸ் 11 ஆட்டம் ஜெயித்தது. அதே காஃப்தான்.

ஏறுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2017இல் கான்சாஸ் சிட்டி 27இலிருந்து 10க்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. முந்தைய வருடம் 12 ஆட்டம் ஜெயித்த அணி அது. அலெக்ஸ் ஸ்மித் என்ற நல்ல குவார்ட்டர்பேக் ஏற்கெனவே இருந்தார், மஹோம்ஸ் ஒரு வருடம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். கொடுத்தது 27, ஒரு மூன்றாம் ரவுண்ட், அடுத்த வருட முதல் ரவுண்ட், அவ்வளவுதான். களத்தில் ஆடும் ஒருவரைக்கூட இழக்கவில்லை. கட்டி முடித்த வீட்டுக்கு நிலைக்கதவு வாங்கினார்கள். நாங்கள் சுவரை இடித்து விற்றுக் கதவு வாங்கினோம்.

வீடு பலமாக இருந்தால் தப்பான கதவைக்கூடத் தாங்கும். சான் ஃபிரான்சிஸ்கோ 2021இல் மூன்று முதல் ரவுண்டுகளைக் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு ஏறி ட்ரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அவர்கள் விட்டுக்கொடுத்த 12 ஆவது இடம் கை மாறி கை மாறி டல்லாஸுக்குப் போனது, அதில் அவர்கள் எடுத்தது மைக்கா பார்சன்ஸ் என்ற நட்சத்திரத் தடுப்பாட்டக்காரரை. லான்ஸ் அங்கே தொடங்கியது 4 ஆட்டம்தான், கணுக்கால் வேறு உடைந்தது. ஆனாலும் 2022 ட்ராஃப்டின் கடைசி ஆளான, 262 ஆவது இடத்தில் வந்த ப்ராக் பர்டியை வைத்து 2023 சீசனில் சூப்பர் பவுல் வரை போனார்கள். அவர் பந்தைக் கொடுத்து ஓடவிட்ட ஆள் யார்? எங்கள் மெக்காஃப்ரி.

எண்களையும் பார்த்துவிடலாம். டல்லாஸில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த காலத்தில் உருவான, ட்ராஃப்ட் இடங்களுக்கான ஒரு மதிப்பு அட்டவணை உண்டு. அதில் முதலிடம் 3000 புள்ளி, 9 ஆவது இடம் 1350, 61 ஆவது இடம் 292. இரண்டையும் கூட்டினால் 1642. மீதியை எதிர்காலமும் மூரும் கட்டினார்கள். இந்த மாதிரிக் கணக்குகளை கேட் மாஸியும், பின்னாளில் நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே பொசிஷனில் அடுத்தடுத்து எடுக்கப்படும் இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவர் மற்றவரைவிட நன்றாக வர வாய்ப்பு 52 சதவீதம்தானாம். இன்னொன்றும் கண்டார்கள். இந்த வருட இடத்துக்காக அடுத்த வருட இடத்தைக் கொடுக்கும்போது அணிகள் கட்டும் வட்டி வருடத்துக்கு 136 சதவீதம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் இதற்குப் பெயர் கந்துவட்டி.

என் கருத்து இவ்வளவுதான். லைன் சரியாக இருக்கிறதா, பிடிக்க ஆள் இருக்கிறதா, பயிற்சியாளர் நிலைப்பாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஏறுங்கள், அடுத்த வருடத்தைக்கூடக் கொடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். எந்த நிலையிலும் அந்தப் பையனுக்குத் தேவைப்படும் ஆளைக் கொடுத்து அந்தப் பையனை வாங்காதீர்கள்.

இதைக் காலம் கடந்தாவது எங்கள் அணி புரிந்துகொண்டது போலத்தான் தெரிகிறது. 2024இல் ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்று லைனில் நின்று காக்கும் இரண்டு ஆட்டக்காரர்களைப் பெரும்பணம் கொடுத்துக் கொண்டுவந்தார்கள். அந்த வருடமும் இரண்டு ஆட்டத்திலேயே யங்கை வெளியே உட்காரவைத்தது எனக்குக் கோபம்தான். ஆனால் திரும்பி வந்தவன் வேறு ஆளாக ஆடினான். 2025 நவம்பரில் அட்லாண்டாவுக்கு எதிராக 448 யார்டு வீசினான், நியூட்டனின் அணிச் சாதனையைத் தாண்டி. அந்த சீசனில் பிரிவையும் ஜெயித்தோம், பிளேஆஃபில் ராம்ஸிடம் மூன்றே புள்ளியில் தோற்றோம்.

2025 ஏப்ரல் ட்ராஃப்டின் இரண்டாம் நாள். 39 ஆவது இடத்தில் சிகாகோ லூதர் பர்டனை எடுத்தது. எங்கள் கடனில் கடைசித் தவணை அது. முந்தின நாள்தான் எங்கள் அணி யாருக்கும் எதையும் கொடுக்காமல், தன் 8 ஆவது இடத்தில் டெடைரோவா மக்மிலன் என்ற வைட் ரிசீவரை, அதாவது பந்து பிடிக்கும் ஆளை எடுத்திருந்தது. மகன் மாடியிலிருந்து ஓடி வந்து கேட்டான்: "அப்பா, இவர் பிரைஸுக்குத்தானே?" ஆமாம்டா, பிரைஸுக்குத்தான் என்றேன்.