அயர்லாந்து பின்னோக்கிப் போகவில்லை

சாதாரணக் குடிமக்களை உட்கார வைத்துச் சிக்கலான கேள்விகளை விவாதிக்கச் சொல்லும் அயர்லாந்தின் குடிமக்கள் பேரவையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் 2018 வந்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1983இல் அரசியலமைப்பில் சேர்த்த எட்டாவது திருத்தம், கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை தந்தது. 2012 அக்டோபரில் கர்நாடகத்தின் பெல்காமைச் சேர்ந்த சவிதா ஹலப்பனவர், 31 வயதில், கால்வே மருத்துவமனையில் செப்சிஸ் என்னும் கடும் தொற்று கண்டு இறந்தார். 17 வாரக் கரு கலைவது உறுதி என்று தெரிந்தும், அதன் இதயம் துடிக்கிறதே என்று கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. டப்ளின் தெருக்கள் கொதித்தன. கட்சிகளோ வாக்குக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் நழுவின. கடைசியில் 99 சாதாரணக் குடிமக்களையும் தலைவராக ஒரு நீதிபதியையும் டப்ளின் அருகே மலஹைடில் ஒரு ஹோட்டலில் உட்கார வைத்தார்கள். அதுதான் அந்தப் பேரவை.

வார இறுதிகளில் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்து மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் கேட்டார்கள். கருக்கலைப்புச் சிக்கலை நேரில் அனுபவித்த பெண்களின் ஒலிப்பதிவுகளையும் கேட்டார்கள். முகம் இல்லை, குரல் மட்டும். முடிவில், காரணம் கேட்காமல் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றார்கள் 64% பேர். நாடு இவ்வளவு தூரம் வராது என்று அரசியல்வாதிகள் பலர் அலறினார்கள். 2018 மே 25 வாக்கெடுப்பில் திருத்தத்தை நீக்கச் சொன்னவர்கள் 66.4%. நாட்டின் நாடியை அறிந்தவர்கள் யார் என்பது அன்று தெரிந்துவிட்டது.

இனி 2024 மார்ச் 8. பெண்ணின் வாழ்வு வீட்டுக்குள் என்று பேசும் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்புப் பிரிவை நீக்கி, அந்த இடத்தில் குடும்பத்துக்குள் நடக்கும் பராமரிப்பைப் பற்றிய வரியை வைக்கப் போனார்கள். முக்கியக் கட்சிகள் அனைத்தும் ஆதரவு. இருந்தும் பராமரிப்புத் திருத்தத்தை 73.9% பேர் நிராகரித்தார்கள். அந்த நாட்டு வாக்கெடுப்பு வரலாற்றில் இவ்வளவு பெரிய ‘வேண்டாம்’ விழுந்ததில்லை. உடனே ‘பழமைவாதம் திரும்பிவிட்டது’ என்று தலையங்கங்கள். சோம்பேறித்தனமான வாசிப்பு.

இதற்கும் ஒரு பேரவை உட்கார்ந்திருந்தது. பராமரிப்புக்குத் துணைநிற்க நியாயமான நடவடிக்கை எடுப்பதை அரசின் கடமையாக்குங்கள் என்று அது பரிந்துரைத்தது. அரசு வாக்குச்சீட்டில் வைத்ததோ, துணைநிற்க அரசு ‘முயலும்’ என்று. கடமை என்றால் நீதிமன்றத்தில் கேள்வி வரும், கருவூலத்தில் கை வைக்க வேண்டும். முயற்சிக்கு என்ன செலவு? மாற்றுத்திறனாளிகளும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களும் இதை முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார்கள். மாற்றுத்திறனாளி மகனை வளர்க்கும் செனட்டர் டாம் குளோனன் வெளிப்படையாக எதிர்த்தார். குடும்பம் பற்றிய மற்றொரு திருத்தத்தில் ‘நிலைத்த உறவு’ என்று எழுதிவிட்டு, அது எது என்று வரையறுக்காமல் விட்டார்கள். அதுவும் 67.7% பேரால் தோற்றது.

‘வேண்டாம்’ போட்டவர்களில் பழமைவாதிகளும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2015இல் ஒருபாலினத் திருமணத்துக்கு 62% ஆதரவு தந்த நாட்டில் 73.9% பேர் பழமைவாதிகள் என்று கணக்குச் சொல்பவர்களுக்குக் கணக்கு வராது. மக்கள் பேசிய பேச்சை அரசு நீர்த்துப்போகச் செய்தது. மக்கள் அதைக் குப்பையில் போட்டார்கள். அப்போதைய பிரதமர் லியோ வரத்கரே இரண்டு அடி வாங்கினோம் என்று ஒப்புக்கொண்டார். பெண்ணை வீட்டோடு கட்டும் அந்த 1937ஆம் ஆண்டு வரியை எடுக்க அரசிடம் பேரவை தந்த தெளிவான வாசகம் இருந்தது. அதை வாக்குச்சீட்டில் வைத்திருந்தாலே போதும்.