தாஸ்மேனியக் காடு: மனிதர் வாழாத இடமா?

'ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனிய மழைக்காடு மனிதக் காலடியே படாதது' என்று ஒரு படச்செய்தி பரவுகிறது. தவறு. படம் சரி, வாசகம்தான் பொய்.

பிராங்க்ளின் ஆற்றங்கரையிலுள்ள குட்டிகினா குகையில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, பனியுகக் குளிரில், பழங்குடியினர் தங்கியிருக்கிறார்கள். அவர்களின் கல் கருவிகளும், வேட்டையாடித் தின்ற வாலபி (சிறிய கங்காரு வகை) எலும்புகளும் அங்கே குவிந்து கிடந்தன. வேறு குகைகளில் செங்காவியால் பதித்த கைத்தடங்களும் உண்டு. காட்டினூடே தெரியும் புல்வெளிகளில் பலவும் அவர்கள் தீயிட்டுப் பராமரித்தவை.

குட்டிகினா குகையையே மூழ்கடித்திருக்கும் அணைத் திட்டத்தை 1983-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத் தீர்ப்பு தடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே யுனெஸ்கோ இயற்கை, பண்பாடு இரண்டுக்காகவும் இந்தக் காட்டுப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்புறம், 'அந்த மக்கள் 1876-ல் அழிந்துவிட்டார்கள்' என்பதும் பொய்தான். வன்முறையையும் நாடுகடத்தலையும் தாண்டிய அவர்களின் வழித்தோன்றல்களிடம் 1995-ல் குட்டிகினா திருப்பித் தரப்பட்டது.