தக்காளி பழுக்கட்டும், நீங்கள் புரட்சி செய்யுங்கள்

முந்தாநாள் நான் போட்ட தக்காளிப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், எழுதியவரே அழித்துவிட்டார். "உலகம் பற்றி எரியுது, உங்களுக்குத் தக்காளி கேக்குதா?" என்று ஒரு வரி. அவர் எழுதியதுகூடப் பரவாயில்லை, அவர் வாய் எப்போதுமே அப்படித்தான். அதற்கு ஹாஹா போட்டவர்களில் என்னோடு வருடக்கணக்காகப் பழகுகிறவர்களும் இருந்தார்கள். அதுதான் ராத்திரியெல்லாம் குடைந்தது.

நான் என்ன அப்படி ஊரை அடித்து உலையில் போட்டுவிட்டேன்? உறைபனி விழுவதற்குள் செடியில் மிச்சமிருந்த பச்சைத் தக்காளிகளைப் பறித்து, ஒரு காகிதப் பையில் ஆப்பிளோடு போட்டு வைத்தேன். ஆப்பிள் விடுகிற எத்திலீன் வாயு தக்காளியைப் பழுக்கத் தூண்டும். அது பழுக்க வெயில்கூட வேண்டாம், வீட்டுக்குள் இருக்கிற மிதமான சூடே போதும். காலையில் பையைப் பிரித்து, இன்று எது சிவந்திருக்கிறது என்று பார்க்கிற அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷம். அவ்வளவுதான் விஷயம். சந்தோஷப்படுவதற்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கவிதை எழுதுகிறவர்களுக்கு இலையுதிர்காலம் என்றால் பிரிவு, மரணம், இத்யாதி. தோட்டத்தில் கை வைத்தவர்களுக்கு அது முழு வேலைக்காலம். மரம் ஒன்றும் சோகத்தில் இலையை உதிர்ப்பதில்லை. இலையிலிருக்கும் சத்தில் முடிந்ததை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்படியில் ஒரு தடுப்பை வளர்த்து, அப்புறம்தான் கைவிடுகிறது. பச்சையம் சிதைந்ததும், கோடை முழுக்க அதற்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் பல மரங்களில் அந்த நேரத்தில் புதிதாக உண்டாவது. உதிர்ந்ததைக் கூட்டி, ஈரமாக ஒரு மூலையில் குவித்துவிட்டால் ஓரிரு ஆண்டில் கறுத்து, உதிரியாக, மழை பெய்த காட்டின் வாசனையோடு மக்கிக் கிடக்கும். அதில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

"தோட்டம் இருப்பதே ஒரு வசதி, எல்லோருக்கும் கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். சரி, நியாயம். என்னிடம் இருப்பது பலரிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஜன்னல் விளிம்பில் தொட்டி வைத்தவர் படம் போட்டாலும் நீங்கள் இதையேதான் சொல்வீர்கள், அதையும் பார்த்திருக்கிறேன். "இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?" என்பவர்களுக்கு, பின்னூட்டம் போடக் கிடைத்த நேரம்தான்.

"சுற்றுச்சூழல் நாசமாகும்போது தோட்டப் படமா?" என்ற கேள்விக்குத்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது. பல இடங்களில் முதல் உறைபனி முன்பைவிடத் தள்ளிப்போவதை யார் முதலில் கவனிக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? வானத்தையும் செடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, இன்றைக்குப் பறிக்கலாமா நாளைக்கா என்று நிற்கிற என்னைப் போன்றவர்கள்தான்.

வேலை போயிருந்த ஓர் இலையுதிர்காலத்தில் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. கொடி வாடியதும் பூசணியைக் காம்போடு அறுக்க வேண்டும், தோல் கெட்டிப்படுகிற வரை காய வைக்க வேண்டும், அப்புறம் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யத்தான் எழுந்தேன். உலகத்தைப் பற்றி அன்றைக்கு எனக்குக் கருத்து எதுவும் இல்லை. என்னை யாரும் அப்போது விசாரிக்கவும் இல்லை, இப்போது ஹாஹா போட்டவர்கள் உட்பட.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்ய. அந்தத் தக்காளி வரியை எழுதிய இதே மனிதர் போன வருடம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வெளியே குளிர். அடுப்பில் பூசணி சூப். கேட்டு வாங்கி இரண்டாவது கிண்ணமும் குடித்தார், மேஜையில் கையைத் தட்டித் தட்டி உலகை மாற்றுவது பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார், கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். நறுக்கியது, வேகவைத்தது, கழுவியது எல்லாம் இந்தத் தக்காளிப் பைத்தியம்தான். அப்போது உலகம் எரியவில்லையா ஐயா? சூப் குடிக்கிறவரைக்கும் அணைந்திருந்ததா? வீட்டில் நடக்கிற எதுவும் அற்பம் என்று சொல்கிறவர்கள் எல்லோருமே அந்த அற்பத்தைத் தின்றுதான் தெம்பாகப் பேசுகிறார்கள். நான் வியாக்கியானம் கேட்கவில்லை, விருப்பக்குறியும் கேட்கவில்லை. கிண்ணத்தையாவது எடுத்துத் தொட்டியில் போட்டிருக்கலாம்.

யாரையும் நட்பிலிருந்து நீக்கப்போவதில்லை. படங்கள் வரும், இன்னும் நிறைய வரும், பிடிக்காதவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம்.

இந்தச் சண்டைக்கு நடுவே பூண்டு நடுவது பற்றிக் கேட்ட தோழிக்குப் பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன். தோலை உரிக்காமல் பல் பல்லாகப் பிரித்து, கூர்முனை மேலே பார்க்கிற மாதிரி 5 செ.மீ. ஆழத்தில் வையுங்கள், இடைவெளி 15 செ.மீ. இருக்கட்டும். பெரிய பற்களை நடுங்கள், சின்னதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிர் பட்டால்தான் அது நன்றாகப் பல் பிரியும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். மேலே போர்த்த உதிர்ந்த இலை போதும்.