பருவநிலையைச் சொல்லி இடிந்தகரையின் வாயை அடைக்காதீர்கள்

"அணுமின்சாரம் வேண்டாம்னா அப்ப பூமி சூடாகட்டுமா?" கூடங்குளம் அணு உலையை எதிர்த்தவர்களைப் பார்த்து, இந்த ரீதியில் நாலைந்து பதிவுகள் முகநூலில் கண்ணில் பட்டுவிட்டன. கன்னியாகுமரிக்காரன், சும்மா கடந்துபோக முடியவில்லை.

சரியானதை முதலில் ஒப்புக்கொள்வோம். சுரங்கம் தொடங்கி எல்லாம் சேர்த்து, ஒரு யூனிட் அணுமின்சாரத்துக்கு வெளியேறும் பசுங்குடில் வாயு சுமார் 12 கிராம், நிலக்கரிக்கு 820. ஐநாவின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2014-இல் சொன்ன கணக்கு இது. ஓடுகிற உலையை அவசரப்பட்டு மூடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலைகளை மூடியது. அதே ஆண்டு ஜனவரியில்தான் பழுப்பு நிலக்கரிக்காக லூட்சராத் என்ற ஊரையே காலி செய்திருந்தார்கள். எதை முதலில் மூடுவது என்பதில் கோட்டை விட்டார்கள்.

காற்றாலை போதுமே என்பவர்கள் ஆடியில் மட்டும் ஆரல்வாய்மொழி வந்தவர்களாக இருக்கும். வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே நிற்க முடியும். கார்த்திகையில் வாருங்கள், பாதி இறக்கைகள் சும்மா நிற்கும்.

அதற்காகப் புது உலைகளை நம்பி உட்கார முடியுமா? கல்பாக்கம் ஈனுலைக்கு (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) 2004-இல் வேலை தொடங்கியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் வேலை ஆரம்பித்ததே 2024 மார்ச்சில். 500 மெகாவாட்டுக்கு இருபது வருஷம்! பருவநிலை அதுவரை காத்திருக்காது.

என் கோபம் வேறு. கூடங்குளம் ஒப்பந்தம் 1988-இல் ராஜீவும் கோர்பச்சேவும் போட்டது. அன்றைக்குப் பேச்செல்லாம் மின்சாரம்தான். பருவநிலை பிற்பாடு வந்த நியாயம். வரட்டும், தப்பில்லை. ஆனால் கூடங்குளம் உலைக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரை, போராட்டத்தில் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. 2004-இல் சுனாமியை நேரில் பார்த்த கடலோரம் அது. 2011-இல் புகுஷிமா உலைக்கட்டடம் வெடித்ததை டிவியில் பார்த்தது. பயப்படாமல் என்ன செய்வார்கள்? கேட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள்.

அவர்களுடைய கேள்விகளில் ஒன்று இன்றும் அப்படியே கிடக்கிறது: எரிந்து முடிந்த எரிபொருள் எங்கே போகும்? முதல் ஒப்பந்தப்படி சோவியத்துக்கே திரும்பிப் போயிருக்க வேண்டும். பிறகு மாற்றி, இங்கேயே வைத்துக்கொள்வது என்றாக்கினார்கள். அதைச் சேமிக்கும் கிடங்கு பற்றி 2019 ஜூலையில் ராதாபுரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள்.

அந்த 12 கிராம் கணக்கை முகநூலில் எங்களிடம் சொல்வது சுலபம். போலீஸ் வேன் இல்லாத ஒரு கூட்டத்தில், மீனவர்கள் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். கிடங்கு பற்றிக் கேட்டால் அதற்கும் பதிலோடு வாருங்கள்.