எஸ் அலை நிற்பது வெளிக்கருவில்தான்

"எஸ் அலை பூமியின் மறுபக்கம் வந்து சேராது, அதனால் மேலோட்டுக்குக் கீழே எல்லாமே உருகிய குழம்பு" என்று இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதில் முதல் பாதி சரி, முடிவு தவறு.

எஸ் அலை என்பது நிலநடுக்கத்தில் கிளம்பும் அலைகளில் ஒன்று, பாறையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போவது. தண்ணீர் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள், அடியில் உள்ள தண்ணீர் கூடவே இழுபட்டுத் திரும்பி வராது, வழுக்கிவிடும். திரவத்தில் எஸ் அலை செத்துப்போவது இதனால்தான். ஆனால் அது சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை நன்றாகவே போகிறது! அப்படியென்றால் அதுவரை உள்ள மேன்டில் (மேலோட்டுக்கும் கருவுக்கும் இடையிலான அடுக்கு) மிகச் சூடாக இருந்தாலும் திடப் பாறைதான், ஆங்காங்கே கொஞ்சம் உருகியிருக்கலாம், அவ்வளவே. திரவமாக இருப்பது அதற்குக் கீழே உள்ள வெளிக்கரு, அதாவது பூமியின் மையக் கருவின் வெளி அடுக்கு.

அப்புறம் நிலநடுக்கத்தின் இன்னொரு அலையான பி அலை. அமுக்கி விரித்துப் போவதால் திரவத்தையும் கடக்கும், ஆனால் கருவின் எல்லையில் வளைந்துவிடுவதால் அது நேராக வந்து சேராத ஒரு நிழல் பகுதி உண்டாகும். அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய பி அலைகள் பதிவாவதைக் கவனித்துத்தான் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann) 1936-இல் உள்ளே இன்னொரு கரு இருக்கிறது என்றார். 5,150 கிலோமீட்டருக்குக் கீழே உள்ள அந்த உட்கரு திடமானது என்பது, பெரிய நிலநடுக்கங்களுக்குப் பின் பூமி முழுவதும் மணி போல அதிர்வதை அளந்து பிற்பாடு உறுதியானது. தயவுசெய்து "எல்லாமே உருகிய குழம்பு" என்ற அந்த வரியைத் திருத்துங்கள், பாடத்துக்காகப் படிக்கிறவர்களும் இங்கே வருகிறார்கள்.