நடத்தையியலைக் கவிழ்த்தவை எலிகள்தாம்

"மனிதனை எலியாகவும் நாயாகவும் பார்க்கிறது." மனத்தை விட்டுவிட்டு வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராயும் உளவியல் பிரிவான நடத்தையியலைக் குறைசொல்ல நினைக்கும் எவரும் முதலில் எடுத்துவிடுவது இதைத்தான். பி.எட். தேர்வில் எழுதினால் மதிப்பெண்கூடக் கிடைக்கும். எனக்கு இது சோம்பேறித்தனமான குற்றச்சாட்டாகப் படுகிறது. அந்த எலியையாவது நடத்தையியலாளர்கள் சரியாகப் பார்த்தார்களா?

அவர்களுக்குச் சேரவேண்டியதை முதலில் கொடுத்துவிடலாம். 1913இல் நடத்தையியலைத் தொடங்கிவைத்த உளவியலாளர் ஜான் வாட்சன் குரல் எழுப்பியபோது, பல ஆய்வகங்களில் உளவியல் என்பது ஆட்கள் தங்கள் மனத்துக்குள் தாங்களே எட்டிப் பார்த்துச் சொல்வதைக் குறித்துவைக்கும் வேலையாக இருந்தது. மனத்தில் எந்தப் பிம்பமும் இல்லாமல் சிந்திக்க முடியும் என்றது ஓர் ஆய்வகம். முடியாது என்றது இன்னொன்று. யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியே இல்லை. கண்ணால் பார்க்கக்கூடியதை, எண்ணிக் காட்டக்கூடியதை மட்டும் பேசுவோம் என்றார் வாட்சன். அன்றைக்கு அது பெரிய விடுதலை.

அதே வாட்சன் 1920இல் செய்தது கொடுமை. ஆல்பர்ட் என்று அவர் பெயரிட்ட கைக்குழந்தை வெள்ளை எலியைத் தொடப்போகும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடிக்கச் செய்து, எலியைக் கண்டாலே அழும்படி ஆக்கினார். அந்தப் பயத்தைப் போக்காமலேயே விட்டுவிட்டார். ஆனால் 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் அதே வித்தையைத் திருப்பிப் போட்டார். முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும் நேரத்தில் முயலைத் தொலைவில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கமாகக் கொண்டுவந்தார். பயம் போனது. இன்று பலவகை அச்சங்களுக்குத் தரப்படும் சிகிச்சையின் வேர் இதில் இருக்கிறது. படுக்கையை நனைக்கும் பிள்ளைகளுக்காக, ஈரம் பட்டதும் மணியடிக்கும் விரிப்பை மௌரர் தம்பதியர் 1938இல் விவரித்தார்கள். அந்த முறையை மருத்துவர்கள் இன்றும் பரிந்துரைக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கருவியாக இருந்ததைத் தத்துவமாக்கியதில். பரிசு கொடுத்தால் எந்த உயிரையும் எதையும் செய்யவைக்கலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1959இல் எழுதிய விமர்சனம்தான் அந்த நம்பிக்கையின் கதையை முடித்தது என்பார்கள். அதற்கு முன்பே எலிகள் பதில் சொல்லிவிட்டன. உளவியலாளர்கள் டோல்மனும் ஹான்சிக்கும் 1930இல் சில எலிகளைப் பத்து நாள் எந்த உணவும் வைக்காமல் புதிர்ப்பாதையில் சுற்றவிட்டார்கள். பதினோராம் நாள் உணவு வைத்ததும், மறுநாளே அவை முதல் நாளிலிருந்து உணவு பெற்றுவந்த எலிகளுக்கு ஈடாக ஓடின. பரிசே இல்லாமல் பாதையைக் கற்றிருந்தன. காட்டுவதற்கு அதுவரை காரணம்தான் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பிரேலண்ட் தம்பதியர் கதை. பரிசு கொடுத்துப் பழக்கும் முறையின் பெரிய குருவான ஸ்கின்னரின் மாணவர்கள், விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாக்கிக்கொண்டவர்கள். உண்டியலில் காசு போடும்படி ஒரு ரக்கூனைப் பழக்கினார்கள். ஒரு காசு கொடுத்தபோது ஓரளவு சமாளித்தார்கள். இரண்டு காசு கொடுத்தால் அது போடாமல், கஞ்சனைப் போல இரண்டையும் தேய்த்துக்கொண்டே இருந்தது. அது இரை கழுவும் பிறவிக் குணம். அதனால் உணவு தாமதமானாலும் அது நிறுத்தவில்லை. காசு போடப் பழக்கிய பன்றிகளோ, காசைத் தரையில் போட்டு மூக்கால் முட்டிக்கொண்டிருந்தன. 1961இல் இதையெல்லாம் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். குருவின் கொள்கை தங்கள் தொழிலிலேயே பொய்த்ததை ஒளிக்காமல் சொன்ன அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

மனிதப் பிள்ளைகளும் அப்படித்தான். வரைவதில் ஆசையுள்ள மழலையர் சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்து, சொன்னபடியே கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், எதுவும் எதிர்பார்க்காமல் வரைந்த பிள்ளைகளைவிடப் பாதி அளவு நேரமே அவர்கள் வரைந்தார்கள். லெப்பர் குழுவினர் இதை வெளியிட்டது 1973இல். பல் துலக்க அடம்பிடிக்கும் பிள்ளைக்கு நட்சத்திரம் ஒட்டுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. தானாகவே கதைப் புத்தகம் எடுத்து உட்காரும் பிள்ளைக்குப் பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம் என்று கணக்குப் போடும் பள்ளிகளைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.